பனிக்காலத்துக்கு ஒரு கேரவன்: தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கும்போதுதான் நியூசிலாந்தின் தென் தீவில் குளிர்காலம் தொடங்குகிறது. அதனால்தான், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டின் மின்விசிறிக்குக் கீழேயே வளர்ந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சக்கரங்களின் மேல் நிற்கும் ஒரு சிறு வீட்டில் பத்து நாள் தங்கப் போகும் குடும்பங்கள், பனி என்பது மலையுச்சியில் வேடிக்கை பார்க்கும் பொருள் மட்டுமல்ல, இரவில் குழாய்க்குள்ளும் புகுந்துவிடும் பொருள் என்பதை அங்கே போன பிறகே தெரிந்துகொள்கின்றன. எங்கள் குடும்பமும் அப்படித்தான் தெரிந்துகொண்டது. சென்ற ஆண்டு வாடகைக்கு எடுத்த மோட்டார் வீட்டில் (தானே ஓடும் வீட்டு வண்டியில்) பட்ட பாட்டுக்குப் பிறகு, இந்த ஆண்டு கிறைஸ்ட்சர்ச்சில் வசிக்கும் என் மைத்துனரின் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒன்பது இரவுகள் தங்கினோம். இந்த மதிப்புரை அந்தக் கேரவனைப் பற்றியது.

சென்ற ஆண்டு வண்டியின் விளம்பரத்தில் ‘நான்கு பருவங்களுக்கும் ஏற்றது’ என்று இருந்தது. டெக்காப்போ ஏரிக்கரையில் தங்கிய முதல் இரவில் வெப்பமூட்டி ஒரு குறையுமின்றி ஓடியது. உள்ளே சட்டையோடு படுக்கலாம் போல இருந்தது. விடியற்காலையில் மகன் கழிவறைக்குப் போனபோது குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தொட்டியும் குழாயும் தரைக்கு அடியில், வெளிக்காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, “ஹீட்டர் வேலை செய்கிறதல்லவா?” என்று மிகுந்த பணிவோடு கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் எங்கள் தவறும் இருந்தது. முன்பதிவு செய்யும்போது நானும் அதை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

‘நான்கு பருவம்’ என்பது விற்பனைச் சொல். அதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பிடித்துக்கொள்ள உறுதியாக ஏதாவது வேண்டுமென்றால், ஐரோப்பியத் தரவிதி ஒன்று இருக்கிறது. கேரவன்களுக்கு ஈஎன் 1645-1, மோட்டார் வீடுகளுக்கு ஈஎன் 1646-1 என்ற அந்த விதிகள் குளிர் தாங்கும் திறனை மூன்று தரங்களாகப் பிரிக்கின்றன. வெளியே 0 பாகை செல்சியஸ் இருக்கும்போது உள்ளே 20 பாகையை எட்ட முடிந்தால் அது இரண்டாம் தரம். மூன்றாம் தரத்துக்கு வண்டியை 15 பாகை உறைகுளிரில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 15 பாகையில், நிறுத்தி, நான்கு மணி நேரத்துக்குள் உள்ளே 20 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் குழாய்களும் அந்தக் குளிரில் இயங்க வேண்டும். ஆகவே வாடகைக்கு விடுபவரிடம் “குளிருக்கு நன்றாக இருக்குமா?” என்று கேட்பதைவிட “மூன்றாம் தரச் சான்று உண்டா?” என்று கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நான் கேட்ட நால்வரில் இருவருக்கு அந்தச் சொல்லே புதிதாக இருந்தது.

ஆனால் சான்று மட்டும் போதாது. நான் முதலில் ஏறக்குறைய முன்பதிவு செய்துவிட்ட கேரவன் பிரிட்டனில் செய்யப்பட்டது. மூன்றாம் தரச் சான்றும் அதற்கு இருந்தது. பிரிட்டிஷ் கேரவன்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. குடிதண்ணீரை ஏறத்தாழ 40 லிட்டர் பிடிக்கும் ஓர் உருளைப் பீப்பாயில் நிரப்பி, புல்வெளியில் உருட்டிக்கொண்டு வந்து, வண்டிக்கு வெளியே நிறுத்தி, அதற்குள் ஒரு பம்பை இறக்கிவிடுவார்கள். சுவரும் தரையும் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தண்ணீர் என்னவோ வெளியில்தான் நிற்கிறது. உறைகுளிரில் அந்தப் பீப்பாயை எந்தச் சான்றும் காப்பாற்றாது. பிறகு நான் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: தொட்டி எங்கே இருக்கிறது, படம் எடுத்து அனுப்ப முடியுமா? இருக்கைப் பலகையைத் தூக்கி, அதற்கடியில் தொட்டியும், பக்கத்திலேயே வெப்பக் காற்றுக் குழாயும் இருப்பதைப் படமெடுத்து அனுப்பியவரிடம்தான் வண்டியை எடுத்தோம். அதுவும் பிரிட்டிஷ் வண்டிதான்; தொட்டியை உள்ளே வைத்துக் கட்டப்பட்ட வகை. முகாமின் குழாயிலிருந்து வரும் ரப்பர் குழாயை மட்டும் ஒவ்வோர் இரவும் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும். அதை மறந்த ஒரே இரவில் அது கம்பு போல விறைத்துக் கிடந்தது.

பிரிட்டிஷ் வண்டியை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு; பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கண்டத்தில் செய்யப்படும் கேரவன்களுக்குக் கதவு வலப்பக்கம் இருக்கும். அங்கே அது நடைபாதைப் பக்கம். சிங்கப்பூரைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டும் நியூசிலாந்தில் அதே கதவு சாலைப் பக்கம் திறக்கும். சாலையோரம் நிறுத்தும்போது ஐந்து வயதுப் பையன் எந்தப் பக்கம் குதித்து இறங்குகிறான் என்பது சிறிய விஷயமன்று.

மோட்டார் வீட்டை விட்டுவிட்டு ஏன் இழுவைக் கேரவன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முதல் காரணம், பிள்ளைகளின் இருக்கை. நியூசிலாந்தில் 7 வயது நிரம்பாத பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும். நம் ஊரில் 1.35 மீட்டர் உயரம்தான் கணக்கு. சென்ற ஆண்டு வண்டியில் சாப்பாட்டு மேசையை ஒட்டிய இருக்கையில் அந்தக் குழந்தை இருக்கையைப் பொருத்துவதற்கே அரை மணி நேரம் ஆனது, அதுவும் ஆடிக்கொண்டே இருந்தது. காரில் அது ஒரே சொடுக்கில் பொருந்திவிடுகிறது. இரண்டாவது, கேரவனை முகாமில் விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு பனிச்சரிவுக்குப் போகலாம். சக்கரச் சங்கிலியையும் காருக்கு மட்டும் மாட்டினால் போதும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் இருக்கிறது. இழுவை வண்டியோடு மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பனி பொழியும் நாளில் சில கணவாய்ச் சாலைகளை இழுவை வண்டிகளுக்கு மட்டும் மூடிவிடுவார்கள். 971 மீட்டர் உயரத்தில் இருக்கும் லிண்டிஸ் கணவாயைத் தாண்ட நாங்கள் ஒரு நாள் காத்திருந்தோம். கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்கு மேலே வைக்காமல் பின்கோடியில் வைத்தால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். அரிசி மூட்டையை நான் பின்னால் வைத்ததைக் கண்ட மைத்துனர், புறப்படும் முன்பே எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்கினார். அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். வண்டியைப் பெரும்பாலும் அவர்தான் ஓட்டினார், நேரான சாலைகளில் மட்டும் நான். உங்கள் குழுவில் இழுத்துப் பழகியவர் ஒருவரும் இல்லையென்றால், உறைபனிச் சாலையில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். தொட்டி உள்ளே இருக்கும் மோட்டார் வீட்டைத் தேடுங்கள்.

இனி உள்ளே. முன்புறம் எதிரெதிரே இரு நீண்ட இருக்கைகள், இரவில் அவை இருவர் படுக்கும் கட்டிலாகும். நடுவில் சமையல் மேடை. பின்கோடியில் பிள்ளைகளுக்கான அடுக்குக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் தனிச் சன்னல், தனித் திரை, தனி விளக்கு. நிலையான அடுக்குக் கட்டில் உள்ள அமைப்பையே எடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் மேசையைப் பிரித்துக் கட்டிலாக்கும் அமைப்பில் பிள்ளைகள் தூங்கியதும் பெரியவர்களுக்கு உட்கார இடமிருக்காது. குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

இந்த அடுக்குக் கட்டிலில்தான் இந்த வண்டியின் பெரிய குறையும் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை மேல் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. ஆகவே மகள் மேலே, மகன் கீழே. முஸ்தஃபா கடையில் வாங்கிய இரண்டு சிறு வெப்பமானிகளை மேலும் கீழும் தொங்கவிட்டிருந்தேன். வெளியே 7 பாகை உறைகுளிர் இருந்த இரவில் மேல் கட்டில் 24 பாகை காட்டியது, கீழ்க் கட்டில் 17. கீழ்க் கட்டிலுக்குப் பக்கத்தில் சாமான் ஏற்றுவதற்கான வெளிக்கதவு ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் விளிம்பு வழியே குளிர் மெல்லக் கசிந்தது. மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு வியர்த்தாள், சின்னவன் சுருண்டுகொண்டான். வண்டியின் சராசரி வெப்பநிலை நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலேயே சிறியவன்தான் குளிரான மூலையில் படுத்திருந்தான். இரண்டாம் இரவிலிருந்து துணிப்பைகளை அந்தக் கதவோரம் அடுக்கிவைத்தோம், 20 பாகைக்கு வந்தது. வண்டியைப் பார்க்கும்போது கீழ்க் கட்டிலுக்கு அருகே வெப்பக் காற்றுத் துளை இருக்கிறதா, வெளிக்கதவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விற்பவர்கள் எல்லோரும் மேல் கட்டிலைத்தான் காட்டுகிறார்கள்.

வெப்பமூட்டி ட்ரூமா காம்பி வகை. எரிவாயுவில் 6,000 வாட் வரையும் மின்சாரத்தில் 1,800 வாட் வரையும் ஓடும். 10 லிட்டர் வெந்நீரும் தரும். நால்வர் குளிக்க 10 லிட்டர் எந்த மூலைக்கு? குளியலை முகாமின் பொதுக் குளியலறையில் வைத்துக்கொண்டோம். மின்சாரத்திலும் ஒரு கணக்கு உண்டு. முகாமின் மின்முனை 16 ஆம்பியர், அதாவது 3,700 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. வெப்பமூட்டி, வெந்நீர்க் கெண்டி, மின்சோற்றுப் பானை மூன்றும் ஒன்றாக ஓடிய முதல் காலையில் எல்லாம் இருண்டது. பிறகு என் மனைவி காப்பிக்கு ஒரு வேளை, சோற்றுக்கு ஒரு வேளை என்று அட்டவணை போட்டார். எரிவாயு உருளையில் என்ன வாயு என்பதையும் கேளுங்கள். புரொப்பேன் 42 பாகை உறைகுளிர் வரை ஆவியாகும். பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகையிலேயே திரவமாக நின்றுவிடும்.

ஒரு நாள் மாலை முகாமை அடைந்தபோது கேரவனுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டுவதைக் கண்டு பதறிவிட்டோம். ஓட்டும்போது வெப்பமூட்டியை அணைத்திருந்தோம். உள்ளே வெப்பம் 3 பாகை அளவுக்கு இறங்கியதும், வெந்நீர்க் கலன் உறைந்து வெடிக்காமலிருக்க ஒரு வால்வு தானாகத் திறந்து நீரை வெளியேற்றிவிடுகிறது. அது கோளாறன்று, காவல். உள்ளே சூடேறிய பிறகு அதைக் கையால் மூட வேண்டும். வண்டியை ஒப்படைத்தவர் இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈரத்தைப் பற்றி நம் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூங்கும் ஒவ்வொருவரும் ஓரிரவில் ஏறத்தாழ ஒரு தேநீர்க் குவளை அளவு நீரை மூச்சாக வெளியிடுகிறார்கள். அதன் மேல் நாம் சோறு வடிக்கிறோம், ரசம் கொதிக்க வைக்கிறோம், குக்கரை நான்கு விசில் விடுகிறோம். இந்த வண்டியின் இரட்டை அடுக்குச் சன்னல்கள் நன்றாகத் தாங்கின, ஆனால் அலுமினியச் சட்டமுள்ள கூரைச் சன்னலிலிருந்து காலையில் சொட்டியது. மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்கள் இருந்ததால் காற்றோட்டம் இருந்தது. சென்ற ஆண்டு பலகைமேல் கிடந்த மெத்தையின் அடிப்புறம் மூன்றாம் நாளே நனைந்திருந்தது. சமைக்கும்போது கூரைச் சன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், குளிரானாலும். தரையோரம் காற்று வரும் துளைகளைக் கண்டு, குளிர் வருகிறதே என்று நான் துண்டைத் திணித்து அடைத்தேன். மைத்துனர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “மாப்பிள்ளை, அதை முதலில் எடுங்கள். உள்ளே கேஸ் எரிகிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள்” என்றார். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இந்த வண்டியில் இருந்தது. இல்லாத வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கழிவறைத் தொட்டி ஏறத்தாழ 18 லிட்டர். நால்வரோடு மைத்துனரும் சேர்ந்து ஐவருக்கு இரண்டு நாள் வரும். காலி செய்வது என் வேலையாக இருந்தது, மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

வாடகை ஒரு நாளைக்கு 155 நியூசிலாந்து டாலர். மைத்துனரின் கார் இலவசம் என்பதால் இதை மோட்டார் வீட்டு வாடகையோடு நேராக ஒப்பிடுவது நியாயமாகாது; இழுகொக்கி உள்ள காரையும் வாடகைக்கு எடுத்தால் செலவு ஏறக்குறைய சமமாகிவிடும். அந்த வெளிக்கதவின் ரப்பரை மாற்றியிருந்தால் அடுத்த ஜூனிலும் இதே வண்டியைக் கேட்பேன். ஒப்படைக்கும்போது அதைச் சொல்லிவிட்டு, விரலால் தடவிக் காட்டிவிட்டும் வந்தேன். டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு அங்கே கோடைக்காலம். இந்த மூன்றாம் தரம், உள்தொட்டி எதற்கும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் கொசுவலை நன்றாகப் பொருந்திய சன்னல்களும் நிழல் கூடாரமும் உள்ள வண்டியைக் கேளுங்கள்.