தைவானுக்கு எந்த வாசல்: விருந்தினர் அழைப்பா, அரசுசாராப் பார்வையாளர் இடமா?

1971இல் ஐ.நா.வில் இடமிழந்த தைவானுக்கு இரண்டு பக்கவாசல்கள் திறந்ததுண்டு. முதலாவது விருந்தினர் அழைப்பு: 2013இல் மான்ட்ரியலில் நடந்த பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவையில் அதன் அதிகாரிகளே 'சீன தைபே' என்ற பெயரில் அமர்ந்தார்கள், 2016இல் அழைப்பு வரவில்லை. இரண்டாவது, ஐ.நா. காலநிலை மாநாடுகளில் தைவானின் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் பெற்றுள்ள அரசுசாராப் பார்வையாளர் தகுதி. இது நிலைத்தது என்றாலும், 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2023இல் சட்டமே இயற்றிய அரசுக்குப் பேச்சுவார்த்தையில் குரல் இல்லை.

வானில் இந்த இரண்டாம் வழி அறவே போதாது. 2022 ஆகஸ்டில் சீனாவின் போர்ப்பயிற்சி வான்வழிகளை மறித்தபோது, தைபே கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்கள் பல நாட்டு விமானங்களை மாற்றுப் பாதையில் அனுப்ப வேண்டியிருந்தது. பன்னாட்டு விமான அமைப்பு வகுக்கும் பாதுகாப்பு விதிகள் அவர்களுக்கு நேரடியாகக் கிடைக்க வேண்டும். அதற்கு முதல் வழியே, ஆண்டுக்காண்டு மாறாத உரிமையாக, பொருந்தும்.