பழைய வாட்டர்மேக்கரைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

லங்காவி, பினாங்கு பகுதிகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களில் பலர், தாய்லாந்துக் கரையோரத் தீவுகளுக்கும் அந்தமான் கடலுக்கும் போகும் எண்ணத்தில் பழைய வாட்டர்மேக்கர் (கடல்நீரைக் குடிநீராக மாற்றும் இயந்திரம்) ஒன்றை விலைக்குத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பெருநிலப் பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் 9,000 ரிங்கிட் கொடுத்து, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்ற உறுதிமொழியோடு நான் வாங்கிய இயந்திரம், நடுக்கடலில் எங்கள் குடிநீர்த் தொட்டியையே பாழாக்கியது. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுமையாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது, ஜெனரேட்டர் மின்சாரத்தில் ஓடக்கூடிய, மணிக்கு 60 லிட்டர் தரவேண்டிய ஒற்றை மெம்பிரேன் (உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய படலச் சுருள்) கொண்ட இயந்திரம். இதன் வேலை முறை எளிமையானது. கடல்நீரை வடிகட்டிகள் வழியாக இழுத்து, உயர் அழுத்தப் பம்பின் மூலம் ஏறத்தாழ 55 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்திற்கு உயர்த்தி, இரண்டரை அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்ட ஒரு மெம்பிரேனுக்குள் செலுத்துவார்கள். உள்ளே போகும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நன்னீராக வெளிவரும். மீதி, உப்பு கூடிய நீராகக் கடலுக்கே திரும்பும். இதில் உயிரான பாகங்கள் இரண்டுதான்: ஒன்று பம்பின் தலை, மற்றொன்று மெம்பிரேன். அந்த இரண்டிலும்தான் என்னை ஏமாற்றினார்கள்.

மெம்பிரேன் புதியது என்று பட்டறைக்காரர் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பியிருந்தார். நேரில் இயக்கிக் காட்டவும் தயங்கவில்லை. பட்டறையின் பின்புறம் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் நிறைய நீர் இருந்தது. அன்று காலை கடலிலிருந்து கொண்டுவந்தது என்றார். இயந்திரத்தை ஓடவிட்டதும், ஒரு நிமிடத்திற்குள் மெல்லிய குழாயிலிருந்து தெளிவான நீர் தடையில்லாமல் ஒழுகத் தொடங்கியது. அதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் உப்பும் பிறவும் கரைந்திருக்கின்றன என்று காட்டும் தன்னுடைய டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டினார். 60 என்று காட்டியது. கடைத் தண்ணீருக்கு நிகரான அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அழுத்தமானியின் முள் மட்டும் 20 பாருக்குக் கீழேயே நின்றது. காரணம் கேட்டேன். "பழைய மெம்பிரேனுக்குத்தாண்ணே அவ்வளவு பிரஷர் வேணும், இது புது மாடல், கம்மி பிரஷர்லயே தண்ணி கொடுக்கும்," என்றார்.

அந்தப் பதில் ஏற்கத்தக்கதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பெக்ட்ரா போன்ற நிறுவனங்களின் இயந்திரங்களில் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் ஒரு பாகம் உள்ளேயே இருப்பதால், வெளியே தெரியும் அழுத்தமானி பத்து பாருக்கும் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஆனால் நான் வாங்கியது அந்த வகையைச் சேர்ந்ததல்ல; பம்பு நேரடியாக மெம்பிரேனுக்கு நீரைத் தள்ளும் வகை. இந்த வகையில் அழுத்தமானி பொய் சொல்லாது. நம் பகுதிக் கடல்நீரில் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அந்த உப்பின் சவ்வூடுபரவல் அழுத்தமே (மெம்பிரேன் வழியே நன்னீரைப் பிரிக்கப் பம்பு வெல்ல வேண்டிய எதிர் அழுத்தம்) 20 பாரைத் தாண்டிவிடுவதால், அதற்கும் கீழான அழுத்தத்தில் உண்மையான கடல்நீரிலிருந்து ஒரு சொட்டு நன்னீர்கூடப் பிரியாது. எந்த நிறுவனத்தின் எந்தப் புதிய மாடலாக இருந்தாலும் இந்த இயற்பியல் விதி மாறாது. ஆகவே அந்தப் பீப்பாயில் இருந்தது கடல்நீரே அல்ல. குழாய் நீர், அல்லது பெயருக்குக் கொஞ்சம் உப்புக் கலந்த நீர். உப்பு மிகக் குறைவாக உள்ள நீரைச் செலுத்தினால், கெட்டுப்போன மெம்பிரேனிலிருந்துகூட 60 என்ற எண் வரத்தான் செய்யும்.

படகில் பொருத்திய பிறகு, லங்காவிக்கு வடக்கே கரையை விட்டு விலகி, தெளிந்த நீரில் இயக்கினோம். அழுத்தத்தை 55 பாருக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, குறிக்கப்பட்ட 60 லிட்டரைத் தாண்டி நீர் கொட்டியது. நல்ல மெம்பிரேன் ஒருபோதும் இப்படித் தாராளமாகக் கொடுக்காது. என்னிடம் இருந்த மீட்டர் 1,900-ஐக் காட்டியது. மொத்தக் கரைதிண்மம் (டிடிஎஸ்) லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் நீரின் சுவை நன்றாக இருக்கும் என்றும், 1,000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும் என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நிலைமையை இன்னும் மோசமாக்கியது பட்டறையின் குழாய் இணைப்பு. நன்னீர் முதலில் வெளியே போய், சோதித்த பிறகே தொட்டிக்குத் திரும்பும்படி ஒரு மூவழி வால்வு வைப்பது இந்தத் தொழிலின் பால பாடம். எங்கள் பணத்தில் பொருத்திக்கொடுத்தவர்கள் அந்த வால்வை வைக்காமல் குழாயை நேராகத் தொட்டியில் செருகியிருந்தார்கள். நான் மீட்டரை எடுத்துப் பார்ப்பதற்குள் கரையில் நிரப்பிவந்த நல்ல நீரோடு உவர்நீர் கலந்துவிட்டது. பயணத்தை அங்கேயே முறித்துக்கொண்டு திரும்பினோம். இதுவே அந்தமானுக்குப் போகும் வழியில், கரை எட்டாத தொலைவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

திரும்பி வந்ததும் அழுத்தக் குழாயின் மூடியைக் கழற்றி மெம்பிரேனை வெளியே எடுத்தோம். புதிய மெம்பிரேனின் மேலுறையில் தயாரிப்பாளரின் பெயரும் மாடலும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். இதில் அந்த இடத்தில் பசையின் தடமும் கத்தியால் சுரண்டிய கீறல்களும் மட்டுமே இருந்தன. ஒட்டுத்தாள் தண்ணீரில் ஊறி உதிர்ந்திருக்கும் என்றார் பட்டறைக்காரர். விடாமல் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது: "வாங்கும்போது அழுகின முட்டை வாடை அடிச்சுதுண்ணே. அது போகணும்னுதான் குளோரின்ல ஊறவெச்சு நல்லாக் கழுவினேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் முழுக் கதையும் இருக்கிறது. இயந்திரத்தைக் கழுவாமல், பாதுகாப்புக் கரைசல் நிரப்பாமல், கடல்நீர் தேங்கியபடியே மாதக்கணக்கில் போட்டுவைத்தால், உள்ளே நுண்ணுயிர்கள் செத்து அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை வரும். அந்த நிலையில்கூட, காரக் கரைசலும் அமிலக் கரைசலும் கொண்டு முறையாகக் கழுவினால் மெம்பிரேன் ஓரளவு மீண்டு வரும் வாய்ப்பு உண்டு. ஆனால் கடல்நீர் மெம்பிரேனின் மேற்படலம் பாலியமைடால் ஆனது, அதற்குக் குளோரின் நஞ்சு. உள்ளே செலுத்தும் நீரில் குளோரின் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) அளவைக்கூடத் தாண்டக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குழாய் நீரால் மெம்பிரேனைக் கழுவும்போதுகூட இடையில் கார்பன் வடிகட்டி வைப்பது அதனால்தான். குளோரினில் ஊறிய படலம் சிதைந்து, நீரையும் உப்பையும் சேர்த்தே வழியவிடும். அதற்குப் பிறகு அதைச் சீர்செய்ய எந்த வழியும் இல்லை. நீர் அதிகமாகவும் உப்பாகவும் வந்ததற்குக் காரணம் இதுதான். வாடையைப் போக்கிப் புதியதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, மீட்டிருக்கக்கூடிய ஒரு பாகத்தையும் கொன்று, அதைப் புதிய மெம்பிரேனின் விலைக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்.

பம்பின் கதை இன்னும் ஆபத்தானது. பம்பின் தலைக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் சுரண்டியபோது மஞ்சள் நிறம் தெரிந்தது. மஞ்சளாக இருப்பதாலேயே தவறு என்று முடிவுகட்டிவிட முடியாது. கடல்நீருக்கென்றே செய்யப்படும் நிக்கல் அலுமினிய வெண்கலமும் பொன்னிறமாகத்தான் இருக்கும். அதனால் வால்வு மூடிகளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே உலோகம் ஆங்காங்கே இளஞ்சிவப்பாக மாறி, ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்தினால் பொடியாக உதிரும் அளவுக்குப் பொலபொலவென்று இருந்தது. சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய், பஞ்சு போன்ற செம்பு மட்டும் எஞ்சியிருப்பதன் அடையாளம் அது. கார் கழுவும் இயந்திரத்துப் பம்பை எடுத்து, பெயர்த்தகட்டைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். படகின் மூடிய அறைக்குள், மனிதர் பக்கத்தில் நிற்கும்போது, 55 பார் அழுத்தத்தில் அந்த உலோகம் வெடித்திருந்தால் கேட்பவர் யார்?

ஆகையால் புதுப்பித்த இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது சொந்த மீட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதோடு, கடல்மீன் தொட்டி வைப்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கும், கடல்நீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். சாதாரண டிடிஎஸ் மீட்டர் பத்தாயிரத்துக்குள் நின்றுவிடும் என்பதால் அதைக்கொண்டு கடல்நீரை அளக்க முடியாது. முதலில் பீப்பாயில் உள்ள நீரின் உப்பை அளங்கள், பிறகு அழுத்தமானியைப் பாருங்கள், பிறகு ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து வரும் நீரின் அளவைக் கணக்கிடுங்கள், கடைசியாக அந்த நீரைச் சோதியுங்கள். இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வெளியே வரும் நீரின் எண்ணை மட்டும் காட்டுவதற்கு எந்த மதிப்பும் இல்லை. மெம்பிரேனின் வரிசை எண்ணையும் பம்பின் பெயர்த்தகட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றைக் காட்டவும் விற்பவர் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். இன்னொரு யோசனையும் சொல்கிறேன்: மெம்பிரேன் இல்லாத விலைக்கு இயந்திரத்தைப் பேசி, புதிய மெம்பிரேனை நீங்களே தனியாக வாங்கிப் போடுங்கள். முழு இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டிருக்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு வணிகரிடம் வாங்கிய பொருள் என்றால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வெறும் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே பதிவு செய்யலாம். தனியாள் தன் பழைய பொருளை விற்றதற்கு இது பொருந்தாது. அதனால் ரசீதில் கடையின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெம்பிரேன் புதியது என்ற அந்த வாட்ஸ்அப் செய்தி, சுரண்டிய மேலுறையின் படம், பம்பின் உட்பகுதிப் படங்கள் ஆகியவற்றை மனுவோடு இணைத்திருக்கிறேன். விசாரணை இன்னும் நடக்கவில்லை. இதற்கிடையே அதே பட்டறை, பச்சை நிறச் சட்டத்தில் பொருத்திய, பம்புக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்த இன்னொரு வாட்டர்மேக்கரை "முழுமையாகப் புதுப்பித்தது" என்று விற்பனைக்கு வைத்திருப்பதாக அறிகிறேன். அதைப் பார்க்கப் போகிறவர்கள் பம்பின் வால்வு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.