ஐசீக் 100: வாசிப்பை நம்பலாம், உள்ளே இருக்கும் கணினியை நம்ப முடியாது

தேயிலை இனங்களை மரபணுவைக் கொண்டு பிரித்தறியும் மலையக ஆய்வுகூடத்துக்கு இலுமினா நிறுவனத்தின் டிஎன்ஏ வாசிக்கும் கருவியான ஐசீக் 100 அளவான மெஷின். 16 கிலோ எடை, மேசையிலேயே வைக்கலாம். ஒரு ஓட்டத்தில், அதாவது ஒரு முறை இயக்கினால், 1.2 ஜிகாபேஸ் (120 கோடி டிஎன்ஏ எழுத்துகள்) வரை தரும். தேயிலையின் முழு மரபணுத்தொகுதியே ஏறக்குறைய 3 ஜிகாபேஸ். ஆகவே தேர்ந்தெடுத்த துண்டுகளை வாசிக்கத்தான் இது சரி. வாசிப்புக்கான இரசாயனங்கள் அடங்கிய உறைந்த கார்ட்ரிட்ஜை 20–25 பாகை நீரில் 6 மணித்தியாலம் வையுங்கள். தலவாக்கலைக் குளிரில் மேசைமேல் உருகவிட்டால் நடுவில் பனிக்கட்டி நிற்கும்.

வாசிப்பில் குறையில்லை. கவலை எல்லாம் மெஷினை ஓட்டும் விண்டோஸ் 10 கணினியைப் பற்றித்தான். கோப்புகளை நகலெடுக்கும் அதன் மென்பொருளில் ஒரு ஓட்டை இருப்பதாக 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா எச்சரித்தது. ஆபத்துப் புள்ளி 10க்கு 10. கடவுச்சொல் இல்லாமலே வலையமைப்பு வழியாக உள்ளே நுழையலாம். அதற்குத் திருத்தம் வந்துவிட்டது, தவறாமல் போடுங்கள். 2025 ஜனவரியில் எக்லிப்சியம் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது இன்னும் ஆழமானது: விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸ் 2018ஆம் ஆண்டினது, நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இல்லை, பயோஸை மாற்றி எழுதுவதற்குத் தடையும் இல்லை. அங்கே ஒளிந்த நச்சுநிரல் விண்டோஸை மீண்டும் நிறுவினாலும் போகாது.

எந்த மாதிரி எந்தச் செடியினது என்று சொல்லும் மாதிரிப் பட்டியல், யாரும் திருத்தக்கூடிய வெறும் சிஎஸ்வி எழுத்துக் கோப்பு. நுழைந்தவர் அதில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் வாசிப்பின் தரப்புள்ளிகள் அப்படியே நன்றாக இருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. தாய்ச்செடியின் பெயர் மட்டும் மாறிவிடும். அந்தச் செடியில் வெட்டிய நடவுத் தண்டுகள் தவறணைக்குப் போய், பிறகு மலையில் நடப்பட்டு, முப்பது வருடம் தவறான இனமாகவே நிற்கும். ஆகவே ஓட்டத்துக்கு முன் பட்டியலின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) கொப்பியில் எழுதி, முடிந்தபின் ஒப்பிடுங்கள். இந்த ஒரு வேலையை எந்த நாளும் விடாதீர்கள்.

மெஷினுக்குத் தனி விலேன், அதாவது மற்றக் கணினிகளிலிருந்து பிரித்த வலையமைப்புப் பகுதி, கொடுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் 3389 (தொலை இயக்கம்), 445 (கோப்புப் பகிர்வு) போர்ட்டுகளை அடைத்துவிடுங்கள். பழுதுபார்ப்பவருக்கான தொலை இணைப்பை அவர் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் திறவுங்கள். பென்டிரைவ் வேண்டாம். ஒக்டோபர் இடிமழைக்கு யூபிஎஸ் கட்டாயம்; பாதியில் மின்சாரம் போனால் அந்தக் கார்ட்ரிட்ஜ் வீண்.

இதே மெஷினில் மனித மாதிரிகளையும் வாசிப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும்: இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தரவு விசேட வகை.

இரண்டாம் கை மெஷினை வாங்காதீர்கள்; அதன் பயோஸில் யார் கைவைத்தார் என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாது. புதியது என்றாலும், அதிலுள்ள விண்டோஸ் 10, 2016ஆம் ஆண்டின் நீண்டகாலப் பதிப்பென்றால் மைக்ரோசொப்டின் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13இல் நின்றுவிடும். அதன் பிறகு என்ன ஏற்பாடு என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டே பணம் கொடுங்கள்.