பேட்மேனுக்கு யார் கடினமான எதிரி: சூப்பர்மேனா, வொண்டர் உமனா?

அதீத சக்தி எதுவும் இல்லாத பேட்மேன் சூப்பர்மேனை வெல்ல முடியும் என்று வாதிடுவோர், 1986-இல் வெளியான ‘த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ சித்திரக்கதையையே பெரும்பாலும் சான்றாகக் காட்டுகின்றனர். ஆனால் அந்த மோதலை உற்றுக் கவனித்தால், அணுகுண்டு வெடிப்பில் சிக்கிச் சூப்பர்மேன் முன்பே வலுவிழந்திருந்ததும், நகரின் மின்சாரத்தோடு இணைக்கப்பட்ட கவசமும், ஒற்றைக் கையரான வில்வீரர் கிரீன் ஆரோ எய்த, சூப்பர்மேனின் சக்தியைப் பறிக்கும் பச்சைக் கல்லான கிரிப்டோனைட் கொண்ட அம்பும் சேர்ந்தே பேட்மேனின் கையை ஓங்கச் செய்தன என்பது விளங்கும். பச்சைக் கல் இல்லையேல் அந்தத் திட்டமே இல்லை.

வொண்டர் உமனிடம் அப்படிப்பட்ட கல் எதுவும் பலிக்காது. மேலும், சூப்பர்மேன் எதிராளியைக் காயப்படுத்தத் தயங்குபவர். இவரோ வாளும் கேடயமும் ஏந்தப் பயின்ற போர்வீராங்கனை என்பதால், பேட்மேன் நம்பியிருக்கும் தற்காப்புக்கலை நுணுக்கம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. 2000-ஆம் ஆண்டு வெளியான, இம்மூவரும் இடம்பெறும் ஜஸ்டிஸ் லீக் குழுவின் கதைகளைச் சொல்லும் ‘ஜேஎல்ஏ’ சித்திரக்கதை இதழ்களில், சகாக்களுக்கு எதிராக பேட்மேன் இரகசியமாக வகுத்த திட்டங்களை அவரது எதிரியான ராஸ் அல் கூல் களவாடிப் பயன்படுத்துகிறான். அவற்றில் வொண்டர் உமனுக்கென வைத்திருந்தது, தனக்கு நிகரான ஒரு கற்பனை எதிரியோடு ஓயாமல் போரிட வைக்கும் நுண்கருவி. விட்டுக்கொடுக்காத அவரது குணத்தையே ஆயுதமாக்கிய அந்தத் தந்திரம், சற்றுக் கொடூரமானது என்றாலும், கிரிப்டோனைட்டைவிடக் கூர்மையானது.

எனவே, ஆயத்தமாக அவகாசம் கிடைத்தால் சூப்பர்மேனே எளிய இலக்கு. எதிர்பாராத சந்திப்பென்றால் இருவரிடமும் பேட்மேன் தோற்பது உறுதி.