பேடில் வீல் ஏரேட்டர்: சக்கரத்தில் குறையில்லை, கியர் பாக்ஸ்தான் எமன்

இறால் வளர்க்கப் புதிதாகக் குட்டை குத்தகைக்கு எடுத்திருக்கும் மச்சான், "2 எச்.பி. நாலு சக்கர ஏரேட்டர் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். மோட்டாரில் சுற்றும் சக்கரத்தால் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் மிதவை இயந்திரம்தான் அது. அதே மாடலின் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் ஆயிலோடு நான் உட்கார்ந்திருக்கும்போது கேட்டிருக்கிறார். பதிலில் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றுக் கொடுக்கும் வேலையில் குறையே இல்லை. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே ராத்திரியில் இறாலோடு போட்டி போட்டு அதை இழுத்துக்கொள்ளும். விடிவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் கண்டம். உப்புத் தண்ணீர், அதுவும் சூடேறினால், ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதே குறைவு. எங்கள் வேதாரண்யம் பக்கத்துக் கோடையில் சக்கரம் ஓடினால்தான் ஆக்சிஜன் மீட்டர் 4 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் நாலு பங்கு) மேலே நிற்கிறது.

நான் எதிர்பார்க்காதது தரையில் நடந்தது. எல்லா ஏரேட்டரையும் ஒரே சுற்றில் திருப்பி வைத்ததில் தண்ணீர் வட்டமாக ஓடி, கழிவையெல்லாம் நடுவில் கொண்டுபோய்க் குவித்துவிட்டது. தீனி விழும் ஓரத்து மண்ணைக் கிளறினால் கறுப்பும் இல்லை, அழுகிய முட்டை நாற்றமும் இல்லை. மண்ணுக்குக் காற்றுப் போகாவிட்டால் வருகிற ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம்தான் அது. கோடை மழையில் மேலே தங்கும் நல்ல தண்ணீரையும் சக்கரம் கீழே கலக்கிவிடுகிறது.

இப்போது கியர் பாக்ஸ். மோட்டாரின் 1,440 சுற்றை நூறு சுற்றுக்குக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி. அதன் ஆயில் சீல் சல்லிக்காசு பெறாத ரப்பர் வளையம். அது தேய்ந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய், ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்துவிடும். அடுத்தது பேரிங். சத்தம் கேட்டுப் பிரிப்பதற்குள் கியர் பல்லும் போயிருக்கும். மிதவையோடு கரைக்கு இழுக்க ரெண்டு ஆள் வேண்டும். அறுவடை நெருங்கும்போதுதான் இது நடக்கும், ஒரு எச்.பி. ஏரேட்டர் 400, 500 கிலோ இறாலைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் நேரத்தில் ஒரு ஏரேட்டர் கரையேறினால் ராத்திரி தூக்கம் போச்சு. கம்பெனிக்குப் போன் செய்தால் "உப்பு அதிகம் சார்" என்கிறார்கள். கடலோரத்துக் குட்டையில் சர்க்கரையா இருக்கும்?

மிதவையும் ஷாஃப்டும் இன்றுவரை புதுசு போல இருக்கின்றன. கரண்ட் செலவும் கட்டுப்படியாகிறது. ஆனாலும் மச்சான், இந்த மாடல் வேண்டாம். வேறு எது வாங்கினாலும் கடையிலேயே கியர் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சீல் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.