உப்புத்தண்ணி வீட்டு பாத்ரூமுக்கு கன்சீல்டு டைவர்ட்டரா, வால் மிக்ஸரா?

பாளையங்கோட்டைல பழைய பாத்ரூமை உடைச்சு புதுசாக்குதோம்னு சொன்னா போதும், டைல்ஸ் கடைக்காரர்ல இருந்து மாமா வரைக்கும் எல்லாரும் கன்சீல்டு டைவர்ட்டர் வைங்க அண்ணாச்சி, பாக்க லட்சணமா இருக்கும்னுதான் சொல்லுதாங்க. லட்சணம்தான், இல்லேங்கல. சுடுதண்ணியையும் பச்சத்தண்ணியையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்புத வால்வு சுவத்துக்குள்ள போயிரும், வெளிய ஒரு தகடும் கைப்பிடியும் மட்டுந்தான் தெரியும், சின்ன பாத்ரூம்ல முழங்கை இடிக்காது, துடைக்கவும் லேசு.

ஆனா தண்ணி எதுன்னு பாக்கணும்லா. தாமிரபரணி தண்ணி வார வீடுன்னா சரி, ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணி உப்பா இருக்க இடத்துல சுண்ணாம்பு படிஞ்சு உள்ள இருக்க கார்ட்ரிட்ஜ் (தண்ணியத் திறந்து மூடுத பாகம்) இறுகிரும், அதைக்கூட முன்னாடி இருந்தே மாத்திரலாம், ஆனா சுவத்துக்குள்ள ஜாயிண்ட்டு ஒழுகுச்சுன்னா டைல்ஸை உடைக்கத்தான் செய்யணும், அதே டிசைன் அப்ப கடையில எங்க கிடைக்கும் (ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலா வாங்கி பரண்ல போட்டு வைங்க).

வால் மிக்ஸர்னா அதே வேலைய சுவத்துக்கு வெளிய மாட்டுத குழாய் செய்யும். சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டு பாயிண்ட்டுக்கும் நடுவுல 150 மில்லிமீட்டர், பெரும்பாலான கம்பெனிக்கு அதே அளவுதான், கெட்டுப்போனா கழட்டிட்டு வேற மாட்டிரலாம். உப்புத்தண்ணி வீட்டுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

எதுன்னாலும் சுடுதண்ணி லைனுக்கு சிபிவிசி பைப்புதான், யுபிவிசி சூடு தாங்காது. பைப்புல தண்ணிய அழுத்தத்துல ஏத்தி ஒழுகுதான்னு பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பாக்காம டைல்ஸ் ஒட்ட ஆள உள்ள விட்டுராதீங்க.