விழுங்கச் சிரமம் என்று போனால் முதலில் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்

தாராவியில் வசிக்கும் என் சித்தப்பாவுக்கு நடந்ததை, மும்பைத் தமிழர்கள் அனைவரும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். காரம் பட்டாலே வாய் எரிகிறது, சப்பாத்தியைத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது என்று அவர் சயான் பக்கம் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். அசிடிட்டி என்றார்கள்; மாத்திரைக்குச் சரியாகாதபோது சத்துக் குறைவு என்று சொல்லி, ட்ரிப்ஸும் ஊசியும் அடங்கிய 'பேக்கேஜ்' ஒன்றை மாதாமாதம் அவர் தலையில் கட்டினார்கள். பல வருடங்களாக மாவா (பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்தது) மெல்லுகிறவரிடம், பாக்கு போடுவீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டார்ச் அடித்து வாயைப் பார்க்கவும் இல்லை.

பிறகு மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுவாக்கில் பற்களுக்கிடையே வைக்கச் சொன்னார். இரண்டு விரலே நுழையவில்லை. வெளுத்துப்போன உள் கன்னத்தைத் தடவிப் பார்த்தபோது, நார் முறுக்கியதுபோல் பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டது. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்றார். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் வாய்ச் சவ்வின் அடியில் நார்த்திசுவைப் பெருக்கி இறுக்குகிறது. அந்த இறுக்கம் அண்ணத்துக்கும் தொண்டைக்கும் பரவும்போதுதான் விழுங்குவது கடினமாகிறது. இது புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் பயாப்ஸி (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்தார்கள். நல்லவேளையாகப் புற்று இல்லை. இறுகிய சவ்வு பழையபடி ஆகாது. பாக்கை அறவே விட்டு, வாய் திறக்கும் பயிற்சியையும் பட்டைகளில் போடும் ஊசியையும் தொடர்ந்தால் ஓரளவு தளரும் என்றார்கள். மகாராஷ்டிராவில் குட்காவுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

நாக்கிலோ கன்னத்திலோ மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இவற்றோடு விழுங்கச் சிரமமும் இருந்தால் பயாப்ஸி தேவையா என்று கேளுங்கள். பல்வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லையென்றால் மூச்சுக்குழாய் அடைபடும் அபாயம் உண்டு. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள்.

அந்த கிளினிக்கில் கேஸ் பேப்பர் (சிகிச்சைக் குறிப்பு) கேட்டபோது வெறும் ரசீதுகளைத்தான் கொடுத்தார்கள். எதிலும் மருத்துவரின் பதிவு எண் இல்லை. அந்த ரசீதுகளை இணைத்து மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம்.